இரவுப் பணியில் எத்தனை பேர்? முதியோர் இல்லங்களில் செவிலியப் பராமரிப்பு – தருமபுரி, கிருஷ்ணகிரி

பாலக்கோட்டுக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பக்கவாதத்தில் வலப்பக்கம் செயலிழந்து படுக்கையில் இருக்கும் என் தாயாரை, வீட்டில் பகல் முழுவதும் பார்த்துக்கொள்ள ஆளில்லாத காரணத்தால், கட்டண முதியோர் இல்லம் ஒன்றில் சேர்த்திருந்தோம். கட்டடம் புதியது, அறைகள் காற்றோட்டமானவை, உணவிலும் குறை சொல்ல இடமில்லை. ஆனால் சில வாரங்களிலேயே முதுகின் அடிப்பகுதியிலும் வலது குதிகாலிலும் படுக்கைப் புண் வந்துவிட்டது. கேட்டபோது, வயதானவர்களுக்கு இதெல்லாம் வரத்தான் செய்யும் என்று பதில் வந்தது. இப்போது அம்மாவை வீட்டுக்கு அழைத்து வந்து புண்ணுக்கு மருத்துவம் பார்த்து வருகிறோம். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் விரைவிலேயே வேறோர் இல்லம் தேட வேண்டியிருக்கும்.

படுக்கைப் புண் தவிர்க்கவே முடியாததா? இத்தனை முதியவர்களுக்கு இத்தனை செவிலியர் என்று நம் நாட்டில் விதி உண்டா? இல்லத்தைத் தேர்வு செய்யும்போது எதைப் பார்க்க வேண்டும், யாரிடம் என்ன கேட்க வேண்டும்? இத்துறை அறிந்தவர்கள் விளக்கினால் எங்களைப் போன்ற பல குடும்பங்களுக்கு உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற செவிலியர், தருமபுரி எழுதியது:

தம்பி, உங்கள் தாயாரின் புண் விரைவில் ஆற வேண்டும். வார்டுகளில் நெடுங்காலம் பணியாற்றியவள் என்ற முறையில் உங்கள் முதல் கேள்விக்கு உறுதியாகவே பதில் சொல்கிறேன். பெரும்பாலான படுக்கைப் புண்கள் தவிர்க்கக்கூடியவை. உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து வரும் கடைசிக் கட்டத்தில், எவ்வளவு கவனித்தாலும் சிலருக்கு வருவது உண்டு. அந்தச் சிலரைக் காட்டி எல்லாருக்கும் வரும் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே தோலும் சதையும் நெடுநேரம் நசுங்கிக் கிடக்கும்போது அங்கே இரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால், கணுக்கால், தோள்பட்டை, பின்னந்தலை ஆகியவை முதலில் பாதிக்கப்படும் இடங்கள். சிறுநீரின் ஈரமும், படுக்கையில் மேலே இழுக்கும்போது ஏற்படும் உராய்வும், உணவில் புரதக் குறைவும் சேர்ந்தால் புண் வேகமாக வரும். தொடக்கத்தில் தோல் கிழியாது. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளிறி மீண்டும் சிவக்க வேண்டும். வெளிறாமல் அப்படியே நின்றால் அதுதான் முதல் நிலை. நம்முடைய கருத்த தோலில் சிவப்பு எளிதில் கண்ணுக்குத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருமை கூடியிருக்கிறதா, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா, தொடும்போது அவர் முகம் சுளிக்கிறாரா என்று பார்க்க வேண்டும். இந்த நிலையில் கண்டுகொண்டால், அந்த இடத்தில் பாரம் படாமல் வைத்திருந்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். கண்டுகொள்வதற்கு, நாள்தோறும் குளிப்பாட்டும்போதோ உடம்பு துடைக்கும்போதோ முதுகையும் குதிகாலையும் வெளிச்சத்தில் பார்க்கும் ஒருவர் இருக்க வேண்டும். ஆள் குறைவாக உள்ள இடத்தில் முகம் துடைத்து டயாபர் மாற்றிவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓட வேண்டியிருக்கிறது. முதுகைப் பார்க்க நேரம் கிடைப்பதில்லை.

எந்த இல்லத்திலும் சேர்க்கும் நாளன்று பிரேடன் அளவுகோலில் மதிப்பெண் போடுகிறார்களா என்று கேளுங்கள். உணர்வு, ஈரம், நடமாட்டம், அசையும் திறன், உணவு, உராய்வு என்று ஆறு கூறுகளைப் பார்த்து 6 முதல் 23 வரை மதிப்பெண் தருவார்கள். 18 அல்லது அதற்குக் கீழே வந்தால் புண் வரும் அபாயம் உள்ளவர் என்று பொருள். அதற்குச் செலவு ஏதும் இல்லை. ஒரு தாளும் பயிற்சி பெற்ற ஒரு செவிலியரும் போதும்.

இனி ஆள் கணக்கு. படுக்கையில் இருப்பவரை 2 மணி நேரத்திற்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பதுதான் எங்களுக்குச் சொல்லித் தரப்பட்ட நடைமுறை. அப்படியானால் ஒருவருக்கு நாளொன்றுக்கு 12 முறை. இல்லத்தில் அப்படிப் பத்துப் பேர் இருந்தால் 120 முறை. தோல் உராயாமல், விரிப்போடு சேர்த்துத் தூக்கித் திருப்புவதற்கு இருவர் வேண்டும். தலையணைகளைச் சரியான இடத்தில் வைத்து முடிக்க 5 நிமிடமாவது ஆகும். ஆக, இரண்டு பேருக்கும் பத்துப் பத்து மணி நேர வேலை. உணவூட்டுவது, மாத்திரை தருவது, துணி மாற்றுவது எதுவும் இதில் சேரவில்லை. பத்துப் படுக்கை நோயாளிகளை வைத்துக்கொண்டு பகலில் இரண்டு பேர், இரவில் ஒருவர் என்று ஓர் இல்லம் நடந்தால், அங்கே திருப்பிப் படுக்கவைக்கும் வேலை ஒழுங்காக நடக்க வாய்ப்பே இல்லை. அந்தப் பணியாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஒருவராக நின்று அதைச் செய்ய முடியாது.

நம் மாவட்டத்துக்கென்று இன்னொன்றும் உண்டு. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்களில் பல ஆண்டுகள் கிணற்று நீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் குடித்து வாழ்ந்தவர்களில் சிலருக்குப் பற்கள் மட்டுமல்லாமல் எலும்புகளும் பாதிக்கப்பட்டிருக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல்தான் தொடங்கி வைக்கப்பட்டது. இன்று எழுபது, எண்பது வயதில் இருப்பவர்களின் எலும்பில் அதற்கு முந்தைய தண்ணீரின் பாதிப்பு தங்கியிருக்கிறது. முதுகெலும்பு விறைத்து, கழுத்து திரும்பாமல், மூட்டுகள் மடங்காமல் இருப்பவரைப் பயிற்சி இல்லாத ஓர் ஆள் தோளைப் பிடித்து இழுத்துத் திருப்பினால் அவர் வலியில் அலறுவார். மறுமுறை அவரைத் தொடவே பணியாளர் தயங்குவார். அவர் மல்லாந்தே கிடப்பார், புண் வரும். அப்படிப்பட்டவர்களின் தலை, முதுகு, இடுப்பு, கால் நான்கையும் ஒருசேர, ஒரே நேரத்தில் உருட்ட வேண்டும். இதைக் கைப்பழக்கமாகக் கற்றுத்தர வேண்டும். பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்து முதியவர்களைச் சேர்த்துக்கொள்ளும் இல்லங்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

ஓசூர் இல்ல நிர்வாகி எழுதியது:

அம்மா அவர்கள் எழுதியது அனைத்தும் உண்மை. ஓசூர் பக்கத்தில் முப்பது பேர் தங்கும் இல்லம் ஒன்றை நடத்துபவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்ல விரும்புகிறேன். நர்சிங் படித்து முடித்த பெண்ணுக்கு இங்கிருந்து ஒரு மணி நேரத்தில் பெங்களூரு மருத்துவமனை இருக்கிறது. அரசுப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பை எதிர்பார்த்துக் காத்திருப்பவர்கள், வளைகுடா நாடுகளுக்கோ ஐரோப்பாவுக்கோ செல்ல மொழித் தேர்வு எழுதிக்கொண்டிருப்பவர்கள்தாம் எங்களிடம் இடைக்காலத்துக்கு வந்து சேருகிறார்கள். வேலை பழகியதும் போய்விடுகிறார்கள். மாதக் கட்டணத்தைச் சற்று உயர்த்தினாலும் குடும்பத்தினர், பக்கத்து இல்லத்தில் குறைவாக இருக்கிறதே என்கிறார்கள். சேர்க்க வருபவர்கள் அறையையும் குளியலறையையும் சுற்றிப் பார்த்து, சாப்பாட்டுப் பட்டியலைக் கேட்கிறார்கள். இரவில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள் என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். யாரும் கேட்காத ஒன்றுக்குச் செலவு செய்யும் இல்லம், செலவு செய்யாத இல்லத்தோடு கட்டணத்தில் போட்டியிட முடியாமல் தவிக்கிறது.

ஓய்வுபெற்ற செவிலியர், தருமபுரி எழுதியது:

ஐயா, மனம் திறந்து எழுதியதற்கு நன்றி. நீங்கள் சொல்லும் நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனாலும் செலவுக் கணக்கை எழுதியே பார்த்துவிடுவோம். வாரத்துக்கு 168 மணி நேரம். 8 மணி நேரப் பணியில் வாரம் 6 நாள் என்றால் ஒருவர் 48 மணி நேரம் வேலை செய்வார். எந்த நேரமும் ஒரு செவிலியர் பணியில் இருக்க வேண்டுமென்றால் மூன்றரைப் பேர் வேண்டும். விடுப்பையும் சேர்த்தால் நான்கு பேர். 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியம் குறித்துக் குழு அமைத்து ஆராயச் சொன்னது. 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை மருத்துவமனைகளுக்கானது, அதுவும் பல இடங்களில் நடைமுறைக்கு வரவில்லை என்பதை அறிவேன். இருந்தாலும் அதையே அளவாக வைத்துக்கொள்வோம். நான்கு பேருக்கு 80,000 ரூபாய். உங்கள் முப்பது பேருக்கும் பங்கிட்டால் தலைக்கு மாதம் 2,700 ரூபாய்க்குள் அடங்கிவிடும். இந்தத் தொகை எதற்காக என்று கட்டண ரசீதில் தனி வரியாகக் காட்டினால் மறுக்காமல் தரும் பிள்ளைகள் நம் ஊர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். தொகை எதற்குப் போகிறது என்று தெரியாதபோதுதான் பேரம் பேசுகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வெள்ளை அங்கி அணிந்த எல்லாரையும் நாம் சிஸ்டர் என்று அழைக்கிறோம். மூன்றாண்டு டிப்ளமோவோ நான்காண்டு பி.எஸ்ஸி. நர்சிங்கோ முடித்து, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்தவர் ஒருவகை. சில மாதப் பயிற்சி பெற்ற உதவியாளர் வேறு வகை. பயிற்சியே இல்லாமல் ஆயாவாக வந்து சேர்ந்தவர் இன்னொரு வகை. மூவரும் இல்லத்துக்குத் தேவை, மூவரும் மதிப்புக்குரியவர்கள். ஆனால் இன்சுலின் போடுவதும், மூக்குக் குழாயைப் பொருத்துவதும், சிறுநீர்க் குழாயை மாற்றுவதும் முதல் வகையினர் செய்ய வேண்டியவை. சேர்க்கும்போது, இரவு 11 மணிக்கு என் அம்மாவுக்குச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் அதைக் கண்டுபிடிப்பவர் யார், என்ன செய்வார் என்று நேராகக் கேளுங்கள். பதில் சொல்பவர் தடுமாறினால் இரவில் பதிவு பெற்ற செவிலியர் இல்லை என்று கொள்ளலாம்.

கிருஷ்ணகிரி நர்ஸ் எழுதியது:

மூத்தவர்கள் பேசும் இடத்தில் நானும் எழுதலாம் என்று நினைக்கிறேன். டிப்ளமோ முடித்து ஓராண்டுக்கு மேல் முதியோர் இல்லத்தில் வேலை செய்தவள் நான். இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை பணி; ஒரு தளம் முழுவதற்கும் நானும் ஓர் ஆயா அக்காவும்தான். காலைப் பணியாளர்கள் வரும்போது எல்லாரும் குளித்து, துணி மாற்றித் தயாராக இருக்க வேண்டும் என்பது நிர்வாகத்தின் விதி. இரண்டு பேர் அத்தனை பேரையும் குளிப்பாட்ட வேண்டுமானால் விடியற்காலை மூன்றரை மணிக்கே தொடங்கியாக வேண்டும். மார்கழி, தை மாதங்களில் எங்கள் பக்கத்துக் குளிர் எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த நேரத்தில் எண்பது வயதுப் பாட்டியைத் தூக்கத்திலிருந்து எழுப்பித் தண்ணீர் ஊற்றுவது எந்தச் செவிலியருக்கும் பிடித்த வேலை அல்ல. பணி நேர அட்டவணையைக் காகிதத்தில் போடுபவர்கள் இதைக் காண்பதில்லை.

மாலை ஆறு மணிக்குப் பிறகு தண்ணீர் குறைவாகத் தருவது பல இடங்களில் சொல்லப்படாத வழக்கமாக இருக்கிறது. இரவில் டயாபர் மாற்றும் வேலை குறையும் என்பதே காரணம். இதனால் உடலில் நீர் வற்றி, சிறுநீர்த் தொற்று வந்து, மூன்றாம் நாள் அவர்கள் உளறத் தொடங்குவார்கள். பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டு, அம்மாவுக்கு வயதாகிவிட்டது, நினைவு தப்புகிறது என்று வருந்துவார்கள். சிறுநீர் கடும் மஞ்சளாக, நாற்றத்தோடு இருக்கிறதா, நாக்கு வறண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

திருப்பிப் படுக்கவைத்த நேரக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இரவு 10, 12, 2, 4 என்று வரிசையாக எல்லாக் கட்டங்களிலும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே வேகத்தில் குறி இட்டிருந்தால் அது விடியும் நேரத்தில் மொத்தமாக எழுதப்பட்டது. உண்மையாக எழுதப்பட்ட ஏட்டில் நேரங்கள் 10.20, 12.45 என்று முன்பின்னாக இருக்கும். இடப்பக்கம், வலப்பக்கம், மல்லாந்து என்று மாறி மாறி இருக்கும். நடுவே, வலிக்கிறது என்றார், தண்ணீர் கேட்டார் என்றெல்லாம் குறிப்புகள் இருக்கும்.

தேன்கனிக்கோட்டை மகள் எழுதியது:

கிருஷ்ணகிரி சகோதரி எழுதியதைப் படித்ததும் என் தாயாரின் நிலையை எழுதத் தோன்றியது. எங்கள் வீட்டில் தெலுங்கு. அம்மாவுக்குத் தமிழும் நன்றாகத் தெரியும். மறதி நோய் முற்றிய பின்பு தமிழ் அவரிடமிருந்து நழுவிவிட்டது. அவர் இருந்த இல்லத்தில் இரவுப் பணியாளர்களில் தமிழ் மட்டும் அறிந்த ஒருவரும், வட மாநிலத்திலிருந்து வந்த ஒரு பெண்ணும் இருந்தார்கள். இரவில் கத்துகிறார், மற்றவர்களைத் தூங்கவிடுவதில்லை என்று சொல்லி ஒரு மாத்திரை தொடங்கினார்கள். பகலிலும் மயங்கியே கிடந்தார். நான் ஓர் இரவு உடன் தங்கிப் பார்த்தபோது, அவர் தெலுங்கில் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரி பக்கங்களில் தெலுங்கும் கன்னடமும் பேசும் முதியவர்கள் எவ்வளவு பேர் என்று சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் அவர்களின் மொழி தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும் என்று கேட்பது ஆடம்பரமான கோரிக்கையா?

ஓய்வுபெற்ற செவிலியர், தருமபுரி எழுதியது:

ஆடம்பரமே அல்ல, அம்மா. அது மருந்தைவிட முந்தித் தர வேண்டிய சிகிச்சை. மறதி நோயாளி இரவில் அமைதியிழந்தால் வலி, மலச்சிக்கல், சிறுநீர் முட்டுதல், தொற்று, தாகம், பசி ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து விலக்கிய பிறகே மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். மனக்கலக்கத்துக்குத் தரப்படும் ஒருவகை மாத்திரைகள் மறதி நோயுள்ள முதியவர்களிடம் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே எச்சரித்தது. மயக்கத்தில் விழுவதும், உணவு மூச்சுக்குழாயில் போவதும் அதோடு சேர்ந்த ஆபத்துகள். புதிதாக இரவு மாத்திரை தொடங்கினால் மருந்துச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். எதற்காக, எவ்வளவு நாளைக்கு, எப்போது மறுபரிசீலனை என்று மருத்துவரிடமே கேளுங்கள். ஆள் குறைவை ஈடுகட்ட மாத்திரை தருவதை எந்த நிலையிலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வழக்கறிஞர், தருமபுரி எழுதியது:

பாலக்கோட்டு நண்பரின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007இல் வந்தது. வருவாய்க் கோட்ட அளவில் தீர்ப்பாயம், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை, எழுதிக் கொடுத்த சொத்தைத் திரும்பப் பெறுதல் ஆகியவற்றைப் பற்றி மக்கள் ஓரளவு அறிந்திருக்கிறார்கள். அதன் 19ஆம் பிரிவு, ஆதரவற்ற முதியவர்களுக்காக மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது, குறைந்தது 150 பேர் தங்கும் அளவில், மாநில அரசு படிப்படியாக அமைக்கலாம் என்கிறது. 20ஆம் பிரிவு அரசு மருத்துவமனைகளில் முதியவர்களுக்குப் படுக்கை, தனி வரிசை, முதியோர் மருத்துவ வசதி ஆகியவற்றைப் பேசுகிறது. இத்தனை பேருக்கு இத்தனை செவிலியர் என்ற எண்ணிக்கை அந்தச் சட்டத்தில் இல்லை. பராமரிப்பு இல்லங்களைப் பதிவு செய்யவும் குறைந்தபட்சத் தரத்தை வகுக்கவும் 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு திருத்த மசோதா கொண்டுவரப்பட்டது; அது சட்டமாகவில்லை.

இப்போது கையில் உள்ள வழிகளைச் சொல்கிறேன். முதியோர் இல்லங்களின் பதிவு மாவட்டச் சமூக நல அலுவலகத்தின் பொறுப்பில் இருக்கிறது. சேர்ப்பதற்கு முன் பதிவுச் சான்றைக் கேளுங்கள். முதியவர் துன்புறுத்தப்பட்டாலோ கைவிடப்பட்டாலோ 14567 என்ற மூத்த குடிமக்கள் உதவி எண்ணை அழைக்கலாம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு தரலாம். பணம் பெற்றுக்கொண்டு சேவை தரும் இல்லத்தின் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையத்தை அணுகவும் இடமுண்டு. அதற்குச் சான்றுகள் தேவை: சேர்க்கும் நாளன்று உடலில் புண் இல்லை என்ற எழுத்துப்பூர்வக் குறிப்பு, தேதியோடு கூடிய படங்கள், மருத்துவமனைச் சீட்டு, கட்டண ரசீதுகள். சேர்க்கையின்போது கையெழுத்திடும் படிவத்தில் செவிலியர் எண்ணிக்கையை எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்மொழி உறுதியை வைத்துக்கொண்டு பின்னர் எதையும் நிறுவ முடியாது.

அரூர், தற்போது மெல்போர்ன் எழுதியது:

சட்டம் எண்ணிக்கையைச் சொன்னால் என்ன நடக்கிறது என்பதை இங்கே பணியாற்றும் செவிலியனாகப் பார்த்து வருகிறேன். ஆஸ்திரேலியாவில் முதியோர் பராமரிப்பு குறித்த அரச விசாரணை ஆணையம் 2021இல் இறுதி அறிக்கை தந்தது. அதன் தொடர்ச்சியாக 2023 ஜூலை முதல் இல்லங்களில் 24 மணி நேரமும் பதிவு பெற்ற செவிலியர் இருக்க வேண்டும் என்றானது. 2023 அக்டோபர் முதல் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 200 நிமிட நேரடிப் பராமரிப்பு கட்டாயமானது. 2024 அக்டோபரில் அது 215 நிமிடமாக உயர்ந்தது, அதில் 44 நிமிடம் பதிவு பெற்ற செவிலியருடையது. ஓசூர் ஐயாவின் முப்பது பேருக்கு இதைப் பொருத்தினால் நாளொன்றுக்கு 107 மணி நேரத்துக்கு மேல் வருகிறது; அதாவது 8 மணி நேரப் பணியில் பதின்மூன்று, பதினான்கு பேர். நம் ஊர் இல்லங்கள் எங்கே நிற்கின்றன என்பதை அவரவர் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் நிலையும் கவனிக்கத்தக்கது. அங்கே 1987ஆம் ஆண்டுச் சட்டம் நாளுக்கு 8 மணி நேரமாவது பதிவு பெற்ற செவிலியர் இருக்க வேண்டும் என்றும், உதவியாளருக்கு 75 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்றும் சொல்கிறது. 2024இல் ஒருவருக்கு நாளொன்றுக்கு 3.48 மணி நேரம் என்று அரசு புதிய விதி கொண்டுவந்தது. இல்லங்களை நடத்துவோர் வழக்குத் தொடுக்க, 2025 ஏப்ரலில் டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆள் கிடைப்பதில்லை, செலவு தாங்காது என்பதே அங்கும் வைக்கப்பட்ட வாதம். ஆகவே ஓசூர் ஐயா சொல்வது நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. ஆனால் அந்த வாதத்தை ஏற்று எண்ணிக்கையைக் கைவிட்டால், அதன் விலையைத் தருபவர் படுக்கையில் இருப்பவர்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஓசூர் இல்ல நிர்வாகி எழுதியது:

பதின்மூன்று பேர் என்ற எண் என்னை உலுக்கிவிட்டது. அதை எட்ட எங்களால் இப்போது முடியாது. ஆனால் செய்யக்கூடிய சிலவற்றை முடிவு செய்திருக்கிறேன். வரும் மாதத்திலிருந்து ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் செவிலியர் எத்தனை பேர், உதவியாளர் எத்தனை பேர் என்பதை நுழைவாயில் பலகையில் நாள்தோறும் எழுதி வைக்கப் போகிறேன். காலைக் குளியலை இரவுப் பணியாளரிடமிருந்து எடுத்து, வெயில் வந்தபின் பகல் பணியாளரிடம் தருகிறேன். தருமபுரி அம்மா அவர்கள் இசைந்தால், எங்கள் உதவியாளர்களுக்குத் திருப்பிப் படுக்கவைக்கும் முறையை நேரில் வந்து கற்றுத்தர வேண்டுகிறேன். போக்குவரத்துக்கும் உரிய மதிப்பூதியத்துக்கும் ஏற்பாடு செய்கிறேன்.

ஓய்வுபெற்ற செவிலியர், தருமபுரி எழுதியது:

வருகிறேன், ஐயா. இரவுப் பணியாளர்களையும் கட்டாயம் அழையுங்கள். பயிற்சி என்றாலே பகலில் இருப்பவர்களோடு முடிந்துவிடுகிறது. பதிவு செய்யப்பட்ட இல்லம் என்றால், வட்டார மருத்துவ அலுவலரிடம் எழுதிக் கேட்டு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் இயன்முறை மருத்துவரோ நோய்த்தணிப்புச் செவிலியரோ உங்களிடத்துக்கு வர இயலுமா என்று பாருங்கள். அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. படுக்கையில் இருப்பவர்களை அவர்கள் இருக்கும் இடத்தில் போய்ப் பார்ப்பது அதன் நோக்கங்களில் ஒன்று.

பாலக்கோட்டுக்காரன் எழுதியது:

இவ்வளவு விரிவாக விளக்கிய அனைவருக்கும் என் நன்றி. வழக்கறிஞர் ஐயா சொன்னபடி எழுத்தில் உறுதி தரும் இல்லத்தைத்தான் இனிப் பார்ப்பேன். தருமபுரி அம்மாவிடம் இன்னும் ஒரு கேள்வி. அம்மா நாள்தோறும் கேழ்வரகுக் களி கேட்கிறார். பழைய இல்லத்தில் எல்லாருக்கும் இட்லிதான். அவர் பாதி வைத்துவிடுவார். பக்கவாதம் வந்தவருக்குக் களி தரலாமா?

ஓய்வுபெற்ற செவிலியர், தருமபுரி எழுதியது:

கேட்டது நல்லதாயிற்று, தம்பி. களியை நாம் மெல்லாமல் உருண்டையாக விழுங்கிப் பழகியவர்கள். விழுங்கும் தசைகள் பலவீனமானவருக்கு அந்த உருண்டை தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஆகவே களியாக இப்போது வேண்டாம். அதே கேழ்வரகைக் கட்டியில்லாமல் கூழாகக் காய்ச்சி, கரண்டியிலிருந்து மெதுவாக விழும் பதத்தில் தரலாமா என்று மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள். தண்ணீர்போல் நீர்த்திருப்பதும் சிலருக்குப் புரையேறும். அதனால்தான் பதம் முக்கியம். புண் ஆறப் புரதம் வேண்டும் என்பதால் முட்டையோ பருப்போ மசித்துச் சேர்க்க முடியுமா என்றும் கேளுங்கள்.

ஊட்டும்போது படுக்கவைத்தபடி ஊட்டக் கூடாது. நன்றாக நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, சிறு கரண்டியில், அவருக்குச் செயலிழக்காத இடப்பக்கக் கன்னத்தில் வையுங்கள். ஒரு வாய் முழுவதும் இறங்கிய பிறகே அடுத்தது. முடிந்ததும் வலப்பக்கக் கன்னத்துக்குள் உணவு தங்கியிருக்கிறதா என்று பார்த்து வாயைத் துடைத்துவிட்டு, அரை மணி நேரமாவது உட்கார்ந்த நிலையிலேயே வைத்திருங்கள். விழுங்கியபின் குரல் ஈரமாக, களகளவென்று கேட்டாலோ, இருமினாலோ, சாப்பிட்ட நாட்களில் காய்ச்சல் வந்தாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனையில் விழுங்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஒருவேளை உணவுக்கு இருபது, முப்பது நிமிடம் ஆகும். நீங்கள் பார்க்கப்போகும் இல்லத்தில் ஊட்ட வேண்டியவர்கள் எத்தனை பேர், அந்த நேரத்தில் ஊட்டுபவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுவிட்டு, முடிந்தால் மதிய உணவு நேரத்திலேயே போய்ப் பாருங்கள்.